எக்நாக்: முட்டை திரியாமல் காய்ச்சும் முறை

எக்நாக் என்பது முட்டையும் பாலும் க்ரீமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் காலப் பானம். அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் திருநாள் வருவதற்கு முன்பே கடைகளின் பால் அலமாரியில் இடம்பிடிக்கும் எக்நாக் பெட்டிகள், புத்தாண்டு கழிந்ததும் காணாமல் போய்விடும். அவற்றை வாங்கிக் குடித்துவிட்டு, எக்நாக் எனக்கு ஒத்துவராது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அந்நாட்டு விதிப்படி, இப்பெயரில் விற்கும் பானத்தில் மஞ்சள் கருவின் திடப்பொருள் 1 விழுக்காடு இருந்தாலே போதும் என்று அறிந்த பிறகுதான், நான் குடித்துவந்தது பெரும்பாலும் இனிப்பூட்டிய பால் என்பது விளங்கியது.

ஐந்தாறு சிறிய கோப்பைகளுக்கு 6 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 480 மி.லி. கொழுப்பு நீக்காத பால், 240 மி.லி. க்ரீம், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முழு ஜாதிக்காய் ஆகியவை வேண்டும். டப்பாவில் வரும் ஜாதிக்காய்த் தூளை வாங்க வேண்டாம். திறந்து சில மாதங்களானால் அதில் மரத்தூளின் வாசனைதான் மிஞ்சும். நம் வீடுகளில் குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் அதே காய்தான் இது. இங்கே உரைகல்லுக்குப் பதில் நுண்ணிய துருவி போதும்.

மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் சேர்த்தவுடன், கம்பி மத்தால் நிறம் வெளுத்து நாடாவாக வழியும் வரை அடியுங்கள். சர்க்கரையைக் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால் கரு ஆங்காங்கே கட்டிதட்டிவிடும். மற்றோர் அடிகனமான பாத்திரத்தில் பால், க்ரீம், உப்பு, அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்த் துருவல் ஆகியவற்றைச் சேர்த்து, ஓரங்களில் குமிழி கட்டும் வரை மட்டும் சூடாக்குங்கள்.

நான் சறுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில்தான். முதன்முறை, அடித்த கருவைத் தூக்கி நேராகக் கொதிக்கும் பாலில் ஊற்றினேன். அடுத்த நொடியே பால் முழுவதும் மஞ்சள் துணுக்குகள் மிதந்தன. வடிகட்டிய பிறகும் அவித்த முட்டை வாடை போகவில்லை. கருவைப் பாலில் ஊற்றாமல், பாலைக் கருவில் ஊற்ற வேண்டும்: ஒரு கையால் மத்தை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே, மறு கையால் ஒரு கரண்டிச் சூடான பாலை நூல்போல் விடுங்கள். இப்படி நான்கைந்து கரண்டி சேர்ந்து, கிண்ணத்தின் அடி கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகே அந்தக் கலவையை மீதிப் பாலோடு சேருங்கள்.

பிறகு தீயை மிகக் குறைத்து, தட்டையான சிலிக்கோன் கரண்டியால் அடியைச் சுரண்டியபடி கிளறுங்கள். முட்டையிலுள்ள சால்மொனெல்லா கிருமியை ஒழிக்க 71 டிகிரி செல்சியஸ் வேண்டும். 80-ஐத் தாண்டினால் கரு திரியத் தொடங்கும். கரண்டியின் முதுகில் விரலால் கோடிழுத்துப் பார்க்கும் பழைய முறை பழகிய கைகளுக்கே சரிவரும். தொடக்கக்காரர்கள் குச்சி போன்ற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன். 72-ஐக் காட்டியவுடன் இறக்கி, பனிக்கட்டி நீரில் வைத்த வேறொரு பாத்திரத்தில் வடிகட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்தாலும் கனத்த பாத்திரத்தின் சூடு கலவையைத் தொடர்ந்து வேகவைக்கும்.

பச்சை முட்டையில் செய்தாலும் ரம் கிருமியைக் கொன்றுவிடும் என்று வாதிடுவோர் உண்டு. கலந்தவுடன் குடிக்கும் பானத்தில் அதை நம்ப முடியாது. அடித்த வெள்ளைக் கருவையும் இதே காரணத்தால் நான் சேர்ப்பதில்லை.

மது சேர்ப்பதானால், குழந்தைகளுக்குரியதை முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டு, நன்கு ஆறிய பிறகு மொத்தத்திற்கும் 120 மி.லி. என்ற கணக்கில் ஊற்றுங்கள். பிராந்தியும் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியும் பொருந்தும் என்றாலும், என் தேர்வு கருநிற ரம்தான். 1826-இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி மாணவர்கள் கிறிஸ்துமஸ் எக்நாக்கிற்காகத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தது விஸ்கி. அந்த இரவு பெருங்கலவரத்தில் முடிந்து, பலர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர்.

பிற்சேர்க்கை: மறுநாள் காலையில் எக்நாக் பாயசம்போல் இறுகிவிட்டதாக இருவர் எழுதியிருந்தனர். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று; குளிரில் கருவும் க்ரீமும் கெட்டிப்படுவது இயல்பு. அரை கோப்பைக் குளிர்ந்த பால் விட்டு, மூடிபோட்ட புட்டியில் குலுக்கினால் நுரையோடு இளகிவிடும். மது சேர்க்காததை இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள். துருவலைப் புட்டியில் போட்டுக் குலுக்க வேண்டாம், அடியில் தங்கிவிடும். கோப்பையில் ஊற்றிய பிறகு நுரையின்மேல் துருவுங்கள்.