பருந்தை நிறம் பார்த்துச் சொல்லாதீர்கள்

போன மார்கழியில் பள்ளிக்கரணை சதுப்பு நில ஓரம் நின்றிருந்தேன். பக்கத்தில் மூன்று கல்லூரி மாணவர்கள், கையில் புது பைனாகுலர். தலைக்கு மேல் பழுப்பாக ஒன்று வட்டமிட்டது. "சேற்றுப் பூனைப்பருந்து!" என்று ஒருவர் நோட்டில் எழுதியே விட்டார். அது செம்பருந்தின் இளம்பறவை. தொடக்கத்தில் நான் செய்த அதே தவறு.

நிறத்தில் தொடங்குவது

செம்பருந்து என்றதும் செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையும்தான் நினைவுக்கு வரும். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அது. ஆனால் இளம்பறவை முழுக்கப் பழுப்பு. இது தெரியாமல் ஒரு பனிக்காலம் முழுக்கப் பூனைப்பருந்து என்றே எழுதிவந்தேன். பின்னால் பிரித்தெடுக்க வழியில்லை, வாலைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அத்தனை பக்கத்தையும் அடித்தேன். பூனைப்பருந்து பனிக்காலத்தில் வலசை வருவது, செம்பருந்து இங்கேயே இருப்பது. உள்ளூர்ப் பறவையை வலசைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது?

வாலைப் பாருங்கள். கள்ளப்பருந்தின் வால் மீன்வால் போலப் பிளந்திருக்கும். முழுக்க விரித்தால் பிளவு மறைந்து நேராகத் தெரியும், வட்டமாகாது. செம்பருந்துக்கு விசிறி போல உருண்ட வால். பூனைப்பருந்துக்கு நீண்ட வால். கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கைகளைச் சற்றே தூக்கிப் பிடித்து மிதக்கும். தேன்பருந்திடம் நிறம் எடுபடவே படாது. வெளிர் நிறத்திலும் இருக்கும், கருப்பாகவும் இருக்கும். புறாவுக்கு இருப்பது போன்ற சின்னத் தலையும் நீண்ட கழுத்தும்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்றும் யாராவது "மார்பு வெள்ளை, என்ன பறவை?" என்று கேட்டால் எரிச்சல் வருகிறது. வால் எப்படி இருந்தது என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

வல்லூறா, அக்காக்குயிலா?

தோட்டத்தில் சாம்பல் முதுகும் பட்டை வாலும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். அக்காக்குயில் பறப்பதும் அமர்வதும் வல்லூறு போலவேதான். அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் கொக்கி அலகு, குயிலுக்கு அது இல்லை.

அளவைக் குத்துமதிப்பாகச் சொல்வது

காக்கை துரத்தும் நேரத்துக்குக் காத்திருங்கள், நல்ல அளவுகோல் அதுதான். வல்லூறில் பெண் ஆணைவிடப் பெரிது, அதையும் மறக்க வேண்டாம்.

கூட்டுக்கு அருகில் போவது

வேண்டாம்.

பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று நினைப்பது

அன்று அடுத்து வந்த பறவை வெகு தொலைவு. எனக்கும் தெரியவில்லை. அந்த மாணவர் "இனம் தெரியவில்லை" என்று எழுதி, பக்கத்தில் வாலை மட்டும் பென்சிலால் வரைந்து வைத்தார்.