ஹாம் ரேடியோ சாமான் ஆன்லைனில் வாங்குவோர் கோட்டைவிடும் இடங்கள்

ஹாம் ரேடியோ என்பது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது. புதியவர்கள் வியூ3 என்று தொடங்கும் கால்சைன் (அழைப்புக் குறி) வந்த வாரத்திலேயே ஆர்டர் போடத் தொடங்கிவிடுகிறார்கள். பார்சல் பிரித்த படம் வரும். பின்னாலேயே ஒரு கேள்வி வரும்: "ரிப்பீட்டர் எனக்கு நன்றாகக் கேட்கிறது சார், நான் பேசினால் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது, ஏன்?" (ரிப்பீட்டர் என்பது நம் சிக்னலை வாங்கி மறுபடி தூரத்துக்கு அனுப்பும் நிலையம்.) வருடா வருடம் ஆள் மாறுகிறார், கேள்வி மாறவில்லை. விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது, ரிவ்யூ படிப்பது இதெல்லாம் செல்போன் வாங்கியவர் எவருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேற்பட்டது மட்டும் இங்கே.

உரிமத்துக்கு முன்பே ரேடியோ

வேண்டாம். வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். அதுவரை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரில் (இணையம் வழியே கேட்கும் ரிசீவர்) கேட்டுப் பழகுங்கள், பைசா செலவில்லை.

அமெரிக்க அட்டவணையை அப்படியே ஏற்றுவது

தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்க பேண்ட் பிளான்தான், அதாவது ஹாம்கள் எந்த அலைவரிசையில் பேசலாம் என்ற அட்டவணை. அங்கே 2 மீட்டர் (பேண்டுக்கு அலைநீளத்தை வைத்தே பெயர்) என்றால் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 144 முதல் 146 வரைதான். 70 சென்டிமீட்டரில் அவர்களுக்கு 420 முதல் 450, நமக்கு 434 முதல் 438. 40 மீட்டரில் அவர்கள் 7.300 வரை போகலாம், நாம் 7.200-இல் நிறுத்த வேண்டும். பல சீன ஹேண்டிகள் (கையடக்க ரேடியோ) உங்களைத் தடுக்காது. 136 முதல் 174 வரை எங்கே பிடிடி (பேசுவதற்கான பொத்தான்) அமுக்கினாலும் டிரான்ஸ்மிட் ஆகும். அந்த இடைவெளிகளில் வேறு துறைகளின் ரேடியோக்கள் ஓடுகின்றன.

கணினியிலிருந்து ரேடியோவில் சேனல்களை ஏற்றும் சிர்ப் மென்பொருளில் யாரோ தயாரித்து வைத்த ஃபைலைத் திறந்து நேராக ரேடியோவில் ஏற்றாதீர்கள். முதல் வேலை, உங்கள் ரேடியோவில் ஏற்கெனவே இருப்பதை இறக்கி, கை வைக்காமல் தனியாகச் சேமிப்பது. ரேடியோ பதிலே சொல்லவில்லையா? முதலில் பிளக்கைப் பாருங்கள், அநேகமாகக் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்காது. அழுத்திய பிறகும் இல்லையென்றால் கேபிளில் இருப்பது போலி பிஎல்2303 யுஎஸ்பி சிப்பாக இருக்கலாம். புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்பதில்லை. எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளைத் தேடி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

கோஆக்ஸ் கேபிளைக் கடைசியில் வாங்குவது

எத்தனை தடவை சொன்னாலும் எரிச்சல் அடங்காத விஷயம் இது. ரேடியோவுக்கு ஒரு மாதம் ஆராய்ச்சி, ஆன்டெனாவுக்கு ஒரு வாரம். இரண்டையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்கு மட்டும் "ஆர்ஜி-58, 30 மீட்டர், இரு முனையிலும் கனெக்டருடன்" என்று தேடி, விலை குறைந்ததை முதலில் காட்டச் சொல்லி, மேலே வந்ததை எடுத்துவிடுகிறார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனா ஏறுகிறது. கீழே எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்புகிறது என்பதைக் காட்டுவது, 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) 1.2 காட்டுகிறது. அதையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த 1.2 பெரும்பாலும் கேபிள் சொல்லும் பொய். மீட்டர் இருப்பது ரேடியோ பக்கம். பவர் மேலே போகும்போது பாதியில் கரைகிறது. ஆன்டெனாவில் மோதித் திரும்புவதும் அதே கேபிளில் இன்னொரு முறை கரைந்துதான் கீழே வருகிறது. திரும்பி வருவது குறைந்தால் மீட்டருக்கு எல்லாம் சுகம். நல்ல ஆர்ஜி-58 கேபிளே 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும் (3 டெசிபல் போனால் பவர் பாதி). 30 மீட்டருக்கு 6 டெசிபல். 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். 435-இல் அதே 30 மீட்டர் பத்து டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும், அரை வாட்கூடத் தேறாது. வேடிக்கை என்னவென்றால், அப்போது மாடியில் ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டாலும் கீழே மீட்டர் ஏறக்குறைய 1.2 தான் காட்டும்.

மேலே கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். ரிப்பீட்டர் உயரத்தில் இருந்து நிறைய பவரில் பேசுகிறது. எஃப்எம்மில் 6 டெசிபல் போனாலும் காதுக்குத் தெரியாது. உங்கள் ஒன்றேகால் வாட் அங்கே போய் ஸ்குவெல்ச்சை (பலவீனமான சிக்னலை உள்ளே விடாத கதவு) திறக்கப் போதவில்லை.

இதுவரை சொன்னது அசல் ஆர்ஜி-58-இன் கதை. பெயரை மட்டும் அச்சிட்டு விற்பவை இதைவிட மோசம். பார்சல் வந்ததும் வெட்டாமல் முதலில் எடை போடுங்கள். ஆர்ஜி-58 மீட்டருக்கு 35 முதல் 40 கிராம் இருக்கும், ஆர்ஜி-213 ஏறக்குறைய 150 கிராம். 30 மீட்டர் ஆர்ஜி-213 என்று சொல்லி வந்த சுருள் இரண்டு கிலோ இருந்தால் செம்பு எங்கே? அடுத்து, கேபிளையும் ஆன்டெனாவையும் அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ. 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து ஓபன், ஷார்ட், லோடு மூன்றுக்கும் காலிபிரேட் செய்யுங்கள். கேபிளை மாட்டி மறுமுனையைத் திறந்தே விட்டு எஸ்11 லாக்மேக் (திரும்பி வரும் சிக்னல், டெசிபலில்) பாருங்கள். அங்கே தெரிவது போய்வந்த இழப்பு, அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. 10 மீட்டர் ஆர்ஜி-58 என்றால் மைனஸ் 4 டெசிபல் அருகில் நிற்க வேண்டும். மைனஸ் 7 என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள், வெட்டிய கேபிளை எவரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் பிளேடால் நடுக்கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் ஒன்று அலுமினியம், இல்லை இரும்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு. (ஈயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், அதனால் ஆழமாகச் சுரண்டுங்கள்.) நடுக்கம்பியைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலை விரித்தால் இடையிடையே பிளாஸ்டிக் தெரிகிற அளவு சிக்கனம் செய்திருப்பார்கள். அலுமினியப் பின்னலில் ஈயம் பிடிக்காது, பிஎல்-259 கனெக்டரை எப்படிப் பற்றவைத்தாலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பிறகு எதைத்தான் வாங்குவது? 145-இல் 30 மீட்டருக்கு ஆர்ஜி-213 போட்டால் 5 வாட்டில் இரண்டரைக்கு மேல் மேலே சேரும், எல்எம்ஆர்-400 போட்டால் மூன்றரை. அதைவிட மலிவான வழி ரேடியோவை மாடிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி, கேபிளை 10 மீட்டராகக் குறைப்பது. 7 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசப்போகிறீர்கள் என்றால் இந்தப் பயமெல்லாம் தேவையில்லை, அங்கே 30 மீட்டர் நல்ல ஆர்ஜி-58 ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான் எடுக்கும். இன்னொன்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்: கேபிள் டிவிக்காரரிடம் மிஞ்சிய நல்ல ஆர்ஜி-6, 75 ஓம் ஆனாலும், 145-இல் ஆர்ஜி-58-ஐவிடக் குறைவாகத்தான் இழக்கும். கனெக்டர் போடுவதுதான் பாடு.

மழைக்காலத்துக்கு முன் வெளிப்புற பிஎல்-259 மேல் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்) சுற்றுங்கள். அந்தக் கனெக்டருக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியாது.

எஸ்எம்ஏ ஆணா பெண்ணா

எஸ்எம்ஏ என்பது ஹேண்டியில் ஆன்டெனாவைத் திருகும் கனெக்டர். பாவ்ஃபெங் யுவி-5ஆர் ரேடியோவில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஆன்டெனாவில் துளை வேண்டும். பல யேசு ஹேண்டிகளில் நேர்மாறு. அந்த யேசுவில் வைஃபை ஆன்டெனாவின் ஆர்பி-எஸ்எம்ஏ மரை சரியாக ஏறும், நடுவில் தொடர்பே இருக்காது.

பெயிண்ட் அடித்த டோராய்டு

டோராய்டு என்பது சுருள் சுற்றும் காந்தப் பொருள் வளையம். சிவப்பாக இருப்பதெல்லாம் டி50-2 ரகம் ஆகிவிடாது. 20 சுற்று சுற்றி எல்சி மீட்டரில் பாருங்கள், ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி வர வேண்டும். துளை வழியே கம்பி ஒருமுறை போனாலே ஒரு சுற்று என்பதை மறக்காதீர்கள். 13 அருகில் வந்தால் பவர் சப்ளை சோக்குக்கான 26 ரகம், மேலே பெயிண்ட் மட்டும் புதிது. எஃப்டி240-43 என்றால் 10 சுற்றுக்கு 107 மைக்ரோஹென்றி, இருபது சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைக்கும்) ஆன்டெனாவின் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி நாறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வளையத்தை.

வேறு பதிப்பின் சர்க்யூட்

ஹைதராபாத்தில் உருவான யூபிட்எக்ஸ் ரேடியோவுக்கு இணையத்தில் மாற்றங்கள் குவிந்து கிடக்கின்றன. போர்டின் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ஒன்றையும் தொடாதீர்கள். ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் ஆர்டி16எச்எச்எஃப்1 வைத்தால் பவர் கூடும் என்று படித்துவிட்டு நேராகச் சொருகுகிறார்கள். முதலாவதின் கால் வரிசை கேட், டிரெயின், சோர்ஸ், உலோகப் பட்டை டிரெயின். இரண்டாவதில் கேட், சோர்ஸ், டிரெயின், பட்டை சோர்ஸ். நடுக்காலை மாற்றி வைத்தால் சப்ளை நேராக ஷார்ட். அதே ஆர்டி16-இலும் மலிவான போலிகள் நிறைய. இரண்டு மடங்கு விலை கொடுத்தாவது முறையான பாகக் கடையில் வாங்குங்கள்.

எல்இடி பவர் சப்ளை

100 வாட் எச்எஃப் ரிக் (40 மீட்டர் போன்ற சிற்றலை பேண்டுகளுக்கான ரேடியோ) 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர் கேட்கும். "12 வோல்ட் 30 ஆம்பியர்" எல்இடி சப்ளையில் திருகி 13.8 கொண்டுவரலாம், ஆனால் பல சப்ளைகள் 40 மீட்டரில் இரைச்சலால் எஸ்-மீட்டரை (சிக்னல் அளவைக் காட்டுவது) தூக்கி நிறுத்திவிடும். அதை அணைத்து, பேட்டரியில் ரிக்கை ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய ரிக்

"ரிசீவ் மட்டும் டெஸ்ட் செய்தது" என்று எழுதியிருந்தால், டிரான்ஸ்மிட் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) ஒவ்வொரு பேண்டிலும் பவர் மீட்டர் தெரிகிற வீடியோ கேளுங்கள், கூடவே சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். பவர் சப்ளை இல்லை, அதனால் போட்டுப் பார்க்கவில்லை என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.