மீன்பிடி ரீல் கழுவும்போதும் பிரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி விரதம் வந்தா நம்ம டர்பன் வீடுகள்ல பாதி தூண்டில் ராட் சுவத்துல சாஞ்சிரும், விரதம் முடியறதுக்குள்ள அக்டோபர் 1 வந்துரும், அன்னையிலருந்து நவம்பர் 30 வரைக்கும் சட்டப்படி ஷேட் மீன் பிடிக்கக் கூடாது. ஆக ரெண்டு மாசத்துக்கு மேல ரீல் சும்மா கெடக்குது. பெரிய தப்பே இங்கதான். டிசம்பர்ல சர்வீஸ் பண்ணிக்கலாம்னு, கடைசியா பீச்ல இருந்து வந்த உப்போட அப்படியே கராஜ்ல வெச்சிடறாங்க. காஞ்ச உப்பு சும்மா இருக்காது, டர்பன் காத்துல இருக்கற ஈரத்த இழுத்து இழுத்து உள்ள இருக்கறத அரிச்சுகிட்டே இருக்கும். தயவு செஞ்சு சர்வீஸ எடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே பண்ணிருங்க.

கழுவறதுலயும் ஒரு தப்பு, ஹோஸ் பைப்ப முனைல அழுத்திப் பிடிச்சு வேகமா அடிக்கறது. சுத்தமாகற மாதிரிதான் தெரியும், ஆனா வெளிய இருந்த உப்பும் மண்ணும் அந்த வேகத்துல ரப்பர் சீல தாண்டி உள்ள போயிரும். முதல்ல ட்ராக்க, அதாவது மீன் இழுக்கும்போது லைன இறுக்கிப் பிடிக்கிற பிரேக்க, நல்லா டைட் பண்ணுங்க, அப்பதான் வாஷருக்குள்ள தண்ணி எறங்காது, அப்புறம் சாதாரண பைப் தண்ணிய மெதுவா மேல விட்டு, ஒதறி, துணியால தொடச்சு நிழல்ல காய வைங்க. காஞ்சதும் ட்ராக்க மறக்காம லூஸ் பண்ணுங்க, மாசக்கணக்குல டைட்டாவே இருந்தா வாஷர் அமுங்கி, மீன் இழுக்கும்போது லைன் சீரா போகாம விட்டு விட்டுப் போகும்.

ப்ளூ லகூன் ஆத்து முகத்துல நிக்கும்போது ரீல் மண்ல விழுந்துட்டா உடனே அந்தத் தண்ணியிலயே முக்கி ஹேண்டில சுத்திப் பாக்கறாங்க, அது வேணவே வேணாம். மண்ணோட சுத்தினா கியர் பல்லத் தின்னுரும். பாட்டில்ல இருக்கற குடிக்கிற தண்ணிய ஊத்தி மண்ணு போனப்புறம் சுத்துங்க.

லைன் சுத்தியிருக்கற ஸ்பூல்ல பிரெய்டுக்கு (பின்னின லைன்) அடியிலயும் உப்பு தங்கும், அத யாரும் பாக்கறதில்ல. ஸ்பூல தனியா கழட்டி, ட்ராக் வாஷர் ஸ்பூலுக்குள்ளயே இருக்கற ரீல்னா அதையும் எடுத்து வெச்சிட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊற விட்டாப் போதும்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சா சர்வீஸ் முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்க நெறைய பேர். அது ஈரத்த வெரட்டும், இறுகினத எளக்கும், அவ்வளவுதான், உள்ள இருக்கற நல்ல கிரீஸையும் சேத்து கரைச்சிரும். அடிச்சீங்கன்னா தொடச்சிட்டு புதுசா கிரீஸ் போட்டே ஆகணும். ஆனா கிரீஸையும் எல்லா எடத்துலயும் அப்பக் கூடாது. கியருக்கு மெரைன் கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு ரெண்டு சொட்டு ரீல் ஆயில், கார்பன் ட்ராக் வாஷருக்கு அதுக்குன்னே விக்கற ட்ராக் கிரீஸ் லேசா. ஹேண்டில் பின்னால சுத்தாம பிடிக்கிற ஒன்வே கிளட்ச் இருக்கு பாருங்க, அதுல கிரீஸ் படவே கூடாது, மெல்லிசா ஆயில் தடவினாப் போதும், இல்லன்னா உள்ள இருக்கற ரோலர் வழுக்கி, மீன் கடிச்சு நீங்க வெட்டி இழுக்கற நேரம் பாத்து ஹேண்டில் பின்னால சுத்தி கையில அடிக்கும்.

கிரைண்டர், அதாவது ஸ்பின்னிங் ரீல், வெச்சிருக்கறவங்க லைன் ரோலர அவசியம் பாக்கணும். தண்ணி சொட்டச் சொட்ட வர்ற லைன் மொத்தமும் அது மேலதான் போகுது, முதல்ல இறுகறதும் அதுதான். லைன கையால இழுத்துப் பாருங்க, ரோலர் கூடவே சுத்தணும். நின்ன எடத்துலயே நின்னா அதுல ஒரு கோடு விழுந்து பிரெய்ட அறுக்க ஆரம்பிச்சிரும், அப்புறம் மீன் அத்துகிட்டுப் போனதும் லைன் சரியில்லன்னு புது லைன் வாங்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

பெட்ரோல்லயும் தின்னர்லயும் கழுவாதீங்க, தீ ஆபத்து ஒரு பக்கம், ரப்பர் ஓ-ரிங் ஊதிப் போயிரும், பிளாஸ்டிக்கும் கெடும். உலோக பாகத்துக்கு பாரஃபின் (மண்ணெண்ணெய்), அதுவும் அடுப்பு பக்கத்துல இல்லாம வெளிய வெச்சு. மத்ததுக்கு சோப்புத் தண்ணி போதும்.

பிரிக்கும்போது ஸ்க்ரூதான் அழ வைக்கும். அலுமினியம் பாடியில ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவுல உப்புத் தண்ணி, இந்த மூணும் சேந்தா அலுமினியம் அரிச்சு ஸ்க்ரூவ சுத்தி வெள்ளையா பொடி பூக்கும், அத பாத்தாலே பலம் போட்டுத் திருகாதீங்க, தல மழுங்கிரும். துரு எளக்கற ஆயில் விட்டு ராத்திரி பூரா வெச்சு, சால்டரிங் அயர்ன் முனைய ஸ்க்ரூ தலையில மட்டும் வெச்சு சூடு காட்டி, அப்புறம் திருகுங்க. ஜப்பான் ரீல்கள்ல ஜேஐஎஸ் (ஜப்பான் தரம்) அளவு ஸ்க்ரூ நெறைய இருக்கும், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதுல வழுக்கும். சில கிரைண்டர்ல ரோட்டர் (ஸ்பூல சுத்தி வர்ற பாகம்) நட்டு எதிர்ப்பக்கமா திரும்பும், அதையும் பாத்துக்குங்க. மறுபடி பூட்டும்போது மரையில துளி கிரீஸ் தடவுங்க, அடுத்த தடவ சுலபமா கழரும்.

ஒவ்வொரு பாகமா எடுக்கும்போதே போன்ல போட்டோ எடுங்க, காகிதம் மாதிரி மெல்லிசு வாஷர் கிரீஸோட ஒட்டிகிட்டு இருக்கும், தெரியாம தொடச்சுப் போட்டுறாதீங்க. குட்டி ஸ்ப்ரிங் இருக்கற எடத்த பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள கைய விட்டுத் திறந்தா அது தெறிச்சு எங்கயும் ஓடாது.

ஸ்பூல்லயே நேரா கைப்பிடி வெச்ச ஸ்கார்பரோ ரீல்ல கியரும் இல்ல ட்ராக்கும் இல்ல, அதுக்கு எதுக்கு சர்வீஸ்னு கேக்கறாங்க. ஸ்பூல் மொத்தமும் நடு அச்சுலதான் ஓடுது, அந்த பேரிங் இறுகினா வீச்சு தூரம் போகவே போகாது. கழட்டி அச்ச தொடச்சு ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, ஒரு தட்டு தட்டி சுத்த விட்டுக் கேளுங்க. அப்பவும் கரகரன்னா பேரிங்க மாத்திருங்க, பக்கவாட்டுல நம்பர் அடிச்சிருக்கும், அத காட்டி ஸ்டெயின்லெஸ்லயே கேளுங்க.