கைவிடப்பட்ட ஆலை நிலத்தை மீட்பது எப்படி?

அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களில், ஆலைகள் மூடப்பட்ட பிறகு வேலியும் பூட்டுமாகக் கிடக்கும் மாசடைந்த நிலங்கள் 4,50,000-க்கும் மேல் இருக்கும் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு நிலத்தை எடுத்துச் சீர்படுத்த முன்வரும் மாநகராட்சியோ, குடியிருப்போர் அமைப்போ, சிறு கட்டுநரோ முதலில் அறிய வேண்டியது வேலைகளின் வரிசையைத்தான். வரிசை மாறினால், வேறொருவர் செய்த மாசுக்கான செலவு முழுவதும் புதிதாக வந்தவர் தலையில் விழக்கூடும்.

ஆகவே ஆய்வு முடியும்வரை கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாசுபடுத்தியவர் யாராக இருந்தாலும், நிலத்தின் இன்றைய உரிமையாளரிடம் சுத்திகரிப்புச் செலவைக் கோர முடியும். இந்த அச்சத்தாலேயே பல நிலங்களை வாங்க ஆளில்லாமல் போனதால், 2002-இல் சட்டம் திருத்தப்பட்டு, வாங்குவதற்கு முன்பே முறையான விசாரணை செய்த நேர்மையான வாங்குநருக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அந்த விசாரணை, நிலம் கைமாறும் நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். நேர்காணல், அரசு ஆவணத் தேடல், நேரடிப் பார்வை, சுத்திகரிப்புச் செலவு தொடர்பான வில்லங்கங்களைத் தேடுதல் ஆகியவை 180 நாட்களுக்குள் செய்யப்பட்டோ புதுப்பிக்கப்பட்டோ இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை நீண்டு இந்தக் கெடு கடந்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், நாட்காட்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

முதற்கட்ட ஆய்வு எனப்படும் இவ்விசாரணையில் மண்ணைத் தோண்டுவதில்லை; நிலத்தின் வரலாற்றைத்தான் தோண்டுகிறார்கள். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட சான்போர்ன் வரைபடங்கள் இதற்குக் கிடைத்த அரிய செல்வம். எண்ணெய்த் தொட்டி எங்கே இருந்தது, கொதிகலன் எங்கே நின்றது, எந்தக் கட்டடத்தில் வண்ணம் பூசினார்கள் என்பவை அவற்றில் பதிவாகியிருக்கும். பழைய வான்வழிப் படங்களையும் நகர முகவரிப் புத்தகங்களையும் அவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்து ஓய்வுபெற்ற தொழிலாளர்களைத் தேடிச் சென்று கேளுங்கள். கழிவை எந்த மூலையில் கொட்டினார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இல்லாமல் அவர்கள் நினைவில் மட்டும் இருக்கலாம்.

ஐயத்துக்குரிய இடங்கள் தெரிந்த பிறகே இரண்டாங்கட்டத்தில் மண், நிலத்தடி நீர், மண்ணிடைக் காற்று ஆகியவற்றின் மாதிரிகளை எடுக்க வேண்டும். உலோகப் பட்டறை இருந்த இடத்தில் ஈயம், ஆர்செனிக் ஆகியவற்றோடு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீனையும் தேடச் சொல்லுங்கள். அதன் ஆவி தரை விரிசல் வழியாகப் புதிய கட்டடத்துக்குள்ளும் ஏறிவரும்.

இனி, பலர் கடைசிக்குத் தள்ளிவிடும் கேள்விக்கு வருவோம்: அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது? குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கும் கிடங்கின் தளத்துக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கும் சுத்தத்தின் அளவு ஒன்றல்ல. எனவே பயன்பாட்டைத் தீர்மானிக்காமல் சுத்திகரிப்பைத் திட்டமிட்டால், தேவைக்கு மேல் செலவாகும், அல்லது தேவையான அளவு சுத்தம் கிடைக்காது. அத்தீர்மானத்தில் அண்டையில் வாழும் மக்களுக்கு இடம் இருந்தே ஆக வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும், ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களும் அவர்கள்தாம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம் இதற்கு நல்ல சான்று. நகரின் நடுவே ஓடும் மெனோமினி பள்ளத்தாக்கில், மில்வாக்கி ரோடு ரயில் நிறுவனத்தின் பணிமனைகள் 1985-இல் மூடப்பட்டு, நிலம் நெடுங்காலம் தரிசாகக் கிடந்தது. 1999-இல் பள்ளத்தாக்குக்கென ஒரு கூட்டமைப்பு உருவானது. 2002-இல் தேசிய அளவில் வடிவமைப்புப் போட்டி நடந்தது. 2003-இல்தான் மாநகராட்சி அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. எனக்கு இந்த வரிசையே மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் நிலம் கைக்கு வரும்போது அது என்னவாக வேண்டும் என்ற தெளிவும் கூடவே இருந்தது. வீடுகளுக்குப் பதிலாகத் தொழிற்பூங்காவைத் தேர்ந்தார்கள். சுற்றுப்புற மக்களுக்கு வேலை வேண்டியிருந்தது. வெள்ளமட்டத்துக்கு மேல் நிலத்தை உயர்த்த, அப்போது இடித்துக் கட்டப்பட்டுவந்த நெடுஞ்சாலைச் சந்திப்பிலிருந்து வந்த மண்ணைப் பயன்படுத்தினார்கள். மழைநீரை வடிகட்டும் பசும்பரப்பை நடுவில் அமைத்து, பணிமனையின் இரண்டு புகைபோக்கிகளையும் காத்தார்கள். அருகிலிருந்த பழைய ரயில் முற்றத்தில், 24 ஏக்கர் பரப்பில் 2013-இல் திறக்கப்பட்ட பூங்கா, தெற்கே உள்ள குடியிருப்புகளைப் பள்ளத்தாக்குடன் மீண்டும் இணைத்தது.

சுத்திகரிப்பு முறை மாசைப் பொறுத்தது. பெட்ரோலியக் கழிவைப் பல இடங்களில் நுண்ணுயிர்களைக் கொண்டே சிதைக்கலாம். ஆனால் ஈயம் போன்ற உலோகங்கள் சிதைவதில்லை என்பதால், அவற்றைத் தோண்டி அகற்ற வேண்டும், அல்லது மேலே தூய மண்ணோ தளமோ இட்டு மூட வேண்டும். மூடுவது மலிவு. எனினும் தோண்டியெடுத்த மண் இன்னொரு ஏழைப் பகுதியின் குப்பைமேட்டுக்குப் போகுமானால், அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணத்துக்கு, மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வுக்கும் சுத்திகரிப்புக்கும் தனித்தனியே போட்டி முறையில் மானியம் தருகிறது. சுத்திகரிப்பு மானியம் கேட்பவர் அந்த நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும். இலாப நோக்குள்ள நிறுவனங்கள் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. எஞ்சிய செலவுக்கு, வருங்காலத்தில் கூடப்போகும் சொத்துவரியை முன்வைத்து நகரங்கள் நிதி திரட்டுவதும் வழக்கம். மில்வாக்கியும் அந்த வழியில் சென்றது.

மாசை மூடிவைத்திருந்தால், கிணறு தோண்டக் கூடாது, தளத்தை உடைக்கக் கூடாது போன்ற நிபந்தனைகளை நில ஆவணங்களில் பதிவுசெய்ய வேண்டும். சட்டப் பாதுகாப்புப் பெற்ற வாங்குநர் இவற்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர். மீறினால் பாதுகாப்பை இழப்பார். தளத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்பதையும், கண்காணிப்புக் கிணறுகளின் நீரையும் யார், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, யார் செலவில் சோதிப்பது என்பதை நில விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.