பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதிய கணினிக்கு மாற்றும் முன்

பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதிய கணினியில் பொருத்துவது இரண்டு கேபிள்களைச் செருகும் வேலைதான் என்றாலும், பழைய கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பூட்டையே நீக்கிவிடுங்கள். மதர்போர்டு (கணினியின் பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகை) மாறிய பின் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும், அது இல்லாவிட்டால் பல ஆண்டுப் படங்களும் ஆவணங்களும் கைவிட்டுப் போய்விடும். முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைப்பதும் அப்போதே நடக்கட்டும்.

பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸையே தொடர்ந்து பயன்படுத்துவதைவிட, புதிய எஸ்எஸ்டியில் (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகம்) அதைப் புதிதாக நிறுவி, பழையதைக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். இல்லையெனில் துவக்கக் கோப்புகள் அதிலேயே பதிவாகிவிடக்கூடும், தவறுதலாக அதையே அழித்துவிடும் அபாயமும் உண்டு.

மின்சாரத்திற்குப் புதிய பவர் சப்ளையுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். செருகி ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளிணைப்பு மாறுபடக்கூடும் என்பதால், வேறொன்றின் கேபிள் டிஸ்க்கை எரித்துவிடலாம்.

இணைத்தும் டிஸ்க் தெரியாவிட்டால், மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேரடியாகச் செருகும் வகை) பொருத்தியதும், டிஸ்க்கின் தரவுக் கேபிளைச் செருகும் குறிப்பிட்ட சாட்டா இணைப்புகள் செயலிழந்துவிடும். டிஸ்க்கை ‘ஃபார்மட்’ செய்யும்படி (அதாவது, உள்ளதை அழித்துப் புதிதாகத் தயார்செய்யும்படி) விண்டோஸ் கேட்டால், எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.