பென் டிரைவில் லினக்ஸ்: வன்தட்டைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பல்லடத்து விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்களிலும் பில் போடும் பழைய கணினிகள் பலவற்றில், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி கிடையாது. அவற்றை எடைக்குப் போடும் முன், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸை, பென் டிரைவிலிருந்தே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பவானி ஜமக்காளம் போல விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டிக்கொள்ளலாம். அடியில் தரை, அதாவது வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) உள்ள விண்டோஸ், அப்படியே இருக்கும்.

1. தேவையானவை. 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, யூஎஸ்பி 3.0 ஆக இருந்தால் நல்லது. அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். கல்யாணப் படங்கள் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

2. பதிவிறக்கம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்தில், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். மின்ட் பதிப்புகளில் பழைய கணினிக்கு இலகுவானது இதுதான். 64 பிட் கணினிகளில் மட்டுமே ஓடும்.

3. பென் டிரைவில் எழுதுதல். பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். அடுத்து 'பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன்' எனும் சேமிப்புப் பகுதியின் அளவை 4 ஜிபிக்கு நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் சேமித்த கோப்பு, வைஃபை கடவுச்சொல், தமிழ் விசைப்பலகை அமைப்பு எல்லாம் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். பிறகு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். எந்த முறையில் எழுதுவது என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறையையே தேர்ந்தெடுங்கள். டிடி முறையில் இந்தச் சேமிப்புப் பகுதி உருவாகாது.

4. தொடங்குதல். பென் டிரைவைச் செருகியபடி கணினியை மறுதொடக்கம் செய்து, உடனே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல்முறை மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும்.

5. திரை வந்த பிறகு. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்றொரு சின்னம் இருக்கும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வன்தட்டில் நிறுவும் வேலையைத் தொடங்கும் சின்னம் அது. மற்றபடி எதையும் தாராளமாகத் திறக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஜிஎஸ்டி தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். லிப்ரே ஆபீஸில் உங்கள் எக்செல் பில்லைத் திறந்து, பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். கடைக்காரருக்கு இந்தச் சோதனைதான் முக்கியம், அழகான வால்பேப்பர் அல்ல.

விண்டோஸ் டிரைவில் உள்ள கோப்புகளும் தெரியும், ஆனால் எழுத முடியாமல் போகலாம். விண்டோஸ் முழுமையாக அணையாமல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' நிலையில் நிற்பதே பெரும்பாலும் காரணம். விண்டோஸுக்குத் திரும்பி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுத்தால் சரியாகும்.

டேலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸுக்கான மென்பொருள். லினக்ஸில் நேரடியாக ஓடாது. அந்த ஒரு கணினியை விட்டுவிட்டு, மற்றவற்றில் முயன்று பாருங்கள்.