பண்ணை வீட்டு ஏலத்துக்குப் போகும் முன்

வடகிழக்கு ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் வேய்ன் கவுன்ட்டியிலும் பக்கத்து ஹோம்ஸ் கவுன்ட்டியிலும் ஏப்ரல் பிறந்துவிட்டால், சனிக்கிழமை தவறாமல் எங்காவது ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஏலம் நடக்கும். அந்த வீட்டுப் பெரியவர் தவறியிருப்பார், இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். டிராக்டரில் தொடங்கி டீஸ்பூன் வரை ஒரே நாளில் ஏலம் போட்டு முடித்துவிடுவார்கள். இங்கே சின்ன ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஏலக்காரர் பேசும் வேகம் மிரட்டுகிறது, மூக்கைச் சொறிந்தால்கூட டிராக்டர் தலையில் விழுந்துவிடுமோ என்று பயம். என் வீட்டுச் சாமானில் பாதி இந்த ஏலங்களில் வந்ததுதான், தோசைக்கல் உட்பட. எதை வாங்குவது, எவ்வளவு வரை போவது என்ற இரண்டையும் ஏலம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

முதலில் விளம்பரம். சேலம் ஊரிலிருந்து (ஆமாம், ஒஹாயோவிலும் ஒரு சேலம் இருக்கிறது) 1914 முதல் வரும் ‘ஃபார்ம் அண்ட் டெய்ரி’ வாரப் பத்திரிகையில் ஏல விளம்பரங்களுக்கென்றே பக்கங்கள் உண்டு. ஆக்‌ஷன்ஜிப் என்ற இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் சுற்றுவட்டார ஏலங்கள் படங்களோடு வரும். தீவனக் கடை கல்லாவிலும் நோட்டீஸ் வைத்திருப்பார்கள். ‘எஸ்டேட் சேல்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறு. வீட்டுக்குள்ளேயே விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள், கடைசி நாளில் பாதி விலைக்குத் தருவார்கள். நான் சொல்வது ‘ஆக்‌ஷன்’ என்று போட்டிருப்பதை.

விளம்பரத்தில் படங்களைவிட அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘டெர்ம்ஸ்’, அதாவது நிபந்தனைகள், முக்கியம். ‘பையர்ஸ் பிரீமியம் 10 சதவீதம்’ என்பது வாங்குபவர் மேல் போடும் கூடுதல் கட்டணம், 100 டாலருக்குக் கேட்ட மேசைக்கு நீங்கள் கொடுக்கப்போவது 110. கார்டில் கட்டினால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம், சில இடங்களில் விற்பனை வரியும் சேரும். ‘ஆப்சல்யூட்’ என்றால் குறைந்தபட்ச விலை கிடையாது, கடைசியாகக் கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ‘ரிசர்வ்’ என்றால் விற்பவர் மனதில் ஒரு விலை இருக்கிறது, அதைத் தொடாவிட்டால் பொருள் வீட்டிலேயே இருக்கும். ‘ஆஸ் ஈஸ், வேர் ஈஸ்’ என்பது எல்லா விளம்பரத்திலும் இருக்கும். இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் எடுத்துக்கொள், பிறகு வந்து கேட்காதே என்று அர்த்தம். ‘டூ ரிங்ஸ்’ என்று போட்டிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஏலக்காரர்கள் இரண்டு இடத்தில் நடத்துவார்கள். அன்றைக்குத் துணையில்லாமல் போகாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் மரச்சாமான் பக்கம் நிற்பார், நான் பாத்திரம் பக்கம்.

ஏலம் ஒன்பதுக்கு என்றால் ஏழரைக்கே போய்விடுங்கள். கொலம்பஸிலிருந்து ஒரு தோழியை முதல்முறை அழைத்துப் போனபோது, “அக்கா, இந்தத் துருப்பிடிச்ச இரும்புக்கா என்னை அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?” என்று கேட்டாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் பொருளைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் நேரம். டார்ச், அளவு நாடா, கையுறை, பழைய செய்தித்தாள், காலி அட்டைப்பெட்டி, கயிறு, மடக்கு நாற்காலி, சேற்றில் நடக்க பூட்ஸ் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். ஒரு சின்னக் காந்தமும் வேண்டும். பித்தளை விளக்கு என்று நினைத்து எடுப்பதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சுதான்.

போனதும் கேஷியர் மேசையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி எண் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, அட்டை வாங்கியதால் எதையும் வாங்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. அட்டையின் பின்பக்கம் உங்களுக்கு வேண்டிய பொருளையும் அதிகபட்ச விலையையும் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். பிரீமியத்தையும் வரியையும் கழித்துவிட்டு எழுத வேண்டும்.

இப்போது தோசைக்கல். நம்மவர்களுக்கு இந்த ஏலங்களில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் பழைய வார்ப்பிரும்புதான் என்பது என் கட்சி. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்ட் கம்பெனி 1957 வரை வார்த்த கல்லும், ஒஹாயோவின் சிட்னியில் வாக்னர் வார்த்ததும் இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் சாதாரணமாகக் கிடக்கும். வார்த்த பிறகு உட்பரப்பை இழைத்து மழமழவென்று ஆக்கியிருப்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் பல கற்கள் சொரசொரப்பாகவே வருகின்றன, தோசை சீக்கிரம் பழகாது. பக்கச் சுவர் இல்லாத வட்ட ‘கிரிடில்’ கிடைத்தால் விடாதீர்கள், அது தோசைக்கென்றே வார்த்தது மாதிரி இருக்கும். அடியில் வட்டத்துக்குள் சிலுவைக்குறியும் ‘கிரிஸ்வோல்ட்’ என்ற பெயரும் பெரிய எழுத்தில் இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றுவார்கள். பெயரே இல்லாத பழைய கல் அதே தோசையைக் கால்வாசி விலைக்குச் சுட்டுத் தரும்.

துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள், துரு போய்விடும். சமமான இடத்தில் கவிழ்க்காமல் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, கண்ணாடி அடுப்புக்கு ஆகாது. விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மொத்தென்று சத்தம் வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம், டார்ச் அடித்து ஓரங்களைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் செதில் படர்ந்திருந்தால் நெருப்பில் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதில் எண்ணெய் பிடிக்காது. இன்னொன்றில் கவனம் வேண்டும். சிலர் இந்தச் சட்டிகளில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டும் தூண்டில் குண்டும் வார்ப்பார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் உலோகத் துளி ஒட்டியிருந்தாலோ, சட்டி சமையலறையில் இல்லாமல் பட்டறையில் கிடந்தாலோ, வாங்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஈயம் கண்டுபிடிக்கும் சோதனைக் குச்சி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

மற்ற பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசன் ஜாடிகள் என்ற திருகுமூடிக் கண்ணாடி ஜாடிகள் ஊறுகாய்க்கு அருமை, வாய் ஓரத்தில் விரலை ஓட்டிச் சில்லு போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிங்கர் மிதி தையல் மெஷின் அடிக்கடி வரும், கேட்க ஆளில்லாமல் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, இறுகியிருந்தால் பெரும்பாலும் உறைந்த எண்ணெய்தான் காரணம். வெள்ளியில் ‘ஸ்டெர்லிங்’ முத்திரை இல்லையென்றால் முலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, பஞ்சு சோஃபா எனக்கு வேண்டவே வேண்டாம், மூட்டைப்பூச்சி இலவசமாக வரும். ஒரு பக்கம் இறங்கும் குழந்தைத் தொட்டிலை அமெரிக்காவில் 2011-இல் தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் பழைய வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்து நிற்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அதனால் பெயின்ட் அடித்த பழைய பொம்மையையும் குட்டி நாற்காலியையும் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வைக்கோல் வண்டிமேல் வரிசையாக அட்டைப்பெட்டிகள் இருக்கும். ‘பாக்ஸ் லாட்’ என்பார்கள், பெட்டியோடு ஒரே விலை. மேலே பிளாஸ்டிக் டப்பா, அடியில் நல்ல வெண்கலக் கிண்ணம் என்று இருக்கும். ஒருவரும் கேட்காவிட்டால் பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துவிடுவார்கள். இரண்டு டாலருக்கு மூன்று பெட்டி வருவது அப்படித்தான். ஆனால் காலையில் நீங்கள் பார்த்த கிண்ணம் ஏலத்துக்குள் அடுத்த பெட்டிக்கு இடம் மாறியிருக்கலாம். யாராவது தனக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார். ஏலக்காரர் அந்த வண்டிக்கு வரும் முன் இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஏலக்காரரின் பேச்சு. நம்மூரில் “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று நிறுத்தி நிதானமாகக் கூவுவதற்குப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புரியாது. இங்கே மூன்று தரம் எண்ணுவார் என்று காத்திருந்தால் பொருள் போய்விடும். அந்த ஓட்டத்தில் இரண்டு எண்கள்தான் விஷயம், நடுவில் வருவதெல்லாம் தாளம். “ட்வென்ட்டி டாலர் பிட், நவ் ட்வென்ட்டி ஃபைவ், வில் யா கிவ் மீ ட்வென்ட்டி ஃபைவ்” என்றால், இருபது கையில் இருக்கிறது, இருபத்தைந்து கேட்கிறார். நீங்கள் தலையாட்டினால் ஒப்புக்கொள்வது இருபத்தைந்துக்கு. வியாழக்கிழமைகளில் எங்கள் கவுன்ட்டியில் உள்ள கிட்ரன் ஊரில் கால்நடை ஏலம் நடக்கும், 1923-இலிருந்து நடக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒரு மத்தியானம் அங்கே உட்கார்ந்தால் காது பழகிவிடும்.

அவர் முதலில் சொல்லும் விலையை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐம்பது என்பார், ஆள் இல்லை. இருபத்தைந்து, பத்து, ஐந்து என்று இறங்குவார். ஐந்தில் யாராவது தொடங்கிவைத்தால் மறுபடி நாற்பது வரை ஏறும். நீங்கள் முதல் தடவை விலை கேட்கும்போது அட்டையை உயர்த்திக் காட்டுங்கள், அப்புறம் அவர் உங்களையே பார்ப்பார். வேண்டும் என்றால் தலையசைப்பு, போதும் என்றால் பக்கவாட்டில் ஓர் ஆட்டு. மூக்கைச் சொறிந்ததை ஏலமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் விவரம் கெட்டவர்கள் இல்லை. ஒஹாயோவில் இந்தத் தொழிலுக்கு மாநில வேளாண் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். தவறுதலாக விழுந்துவிட்டால் உடனே சொல்லுங்கள், மறுபடி போடுவார்கள். அடுத்த பொருளுக்குப் போன பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது ‘டைம்ஸ் தி மணி’யில். ஆறு நாற்காலி இருக்கிறது, “டைம்ஸ் சிக்ஸ்” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஆரம்பிப்பார். நீங்கள் இருபதுக்குக் கேட்டால் கட்ட வேண்டியது 120. “ஒன் மணி” என்றால் ஆறுக்கும் சேர்த்து இருபது. “சாய்ஸ்” என்றால் ஜெயித்தவர் வரிசையில் தனக்குப் பிடித்ததை அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஒன்றோ இரண்டோ எல்லாமோ. நல்லதை அவர் எடுத்த பிறகு மிச்சத்துக்கு மறுபடி ஏலம் நடக்கும். அந்த இரண்டாம் சுற்றில்தான் நான் பெரும்பாலும் வாங்குவேன். எந்தக் கணக்கு என்று காதில் விழாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வியாபாரிகளைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. அவர் வாங்கி, லாபம் வைத்து விற்க வேண்டும், அதனால் கடை விலைக்கு வெகு முன்பே நின்றுவிடுவார். வீட்டுக்கு வாங்கும் நீங்கள் அவரைவிட ஒரு படி மேலே போகலாம். விலகி நிற்க வேண்டியது அந்த வீட்டுப் பேரன் பேத்திகளுக்கு எதிரில். பாட்டி தைத்த குயில்ட்டை, அதாவது ஒட்டுத்துணிப் போர்வையை, ஒரு பெண் கண் கலங்கிக்கொண்டு கேட்கிறாள் என்றால் அட்டையைக் கீழே இறக்கிவிடுங்கள். பொருளைப் பார்த்து “எல்லாம் குப்பை” என்று சத்தமாகச் சொல்லாதீர்கள், குடும்பத்தார் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள். தமிழில் சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் நிறைய வரும் ஏலங்கள் இவை, அவர்கள் முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது.

“சோல்ட்” என்றதும் விலையையும் உங்கள் எண்ணையும் உரக்கச் சொல்வார்கள். இரண்டும் சரியா என்று அந்த நொடியே கவனித்து, கையோடு குறித்துக்கொள்ளுங்கள். எண் ஒன்று மாறினால் அடுத்தவர் சாமான் உங்கள் பில்லில் ஏறும். அந்த நொடியிலிருந்து பொருளும் உங்கள் பொறுப்பு. சின்னச் சாமானை உடனே வண்டியில் கொண்டுபோய் வைத்துப் பூட்டுங்கள். பீரோ, மேசை எல்லாம் பெரும்பாலும் அன்றே தூக்க வேண்டும், ஆள் கொடுக்க மாட்டார்கள். பிக்அப் வண்டி இல்லாதவர்கள் அதற்கு ஆகும் செலவையும் அட்டையின் பின்பக்கக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

சாப்பாடு தேவாலயப் பெண்களோ பள்ளிக்கூடத்துக்காரர்களோ போடுவது. சைவர்கள் ‘பை’ (pie) என்ற மாவுப் பலகாரத்தைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். மேல்மாவைப் பன்றிக் கொழுப்பில் பிசையும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு.

இப்போது பல ஏலங்கள் இணையத்திலேயே நடக்கின்றன. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும், அதனால் கடைசி நொடியில் தட்டிப் பறிக்கும் தந்திரம் செல்லாது. உங்கள் உச்ச விலையைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். முன்கூட்டிப் பார்க்க ஒரு நாள் விடுவார்கள், அதைத் தவறவிட்டால் படத்தை நம்பி வாங்க வேண்டியதுதான். எடுத்துப்போகக் குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் பொருளும் போகும், பணமும் போகும்.

தர்ம காரியத்துக்கு நடக்கும் ஏலத்தில் மட்டும் மலிவு எதிர்பார்க்காதீர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபையினர் நிவாரண நிதிக்காக நடத்துவதில் குயில்ட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும், ஒரு சாதாரண ரொட்டிக்கே நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு முருகன் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுப்பார்களே, அந்த மாதிரிதான். அங்கே கொடுக்கப் போகலாம், சாமான் சேர்க்க சனிக்கிழமைப் பண்ணை வீடுதான் சரி.

துருப்பிடித்த கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காஸ்டிக் கலந்த அடுப்பு கிளீனரைத் தெளித்து, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி இரண்டு நாள் வெளியே வைத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். பழைய எண்ணெய்ப் பிசுக்கு வழன்றுவிடும். மிச்சத் துருவுக்குப் பாதி வினிகர், பாதித் தண்ணீர், அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டு ‘அவன்’ (oven) அடுப்புக்குள் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். இப்படி மூன்று தடவை செய்த பிறகு நம் வழி, நல்லெண்ணெயும் பாதி வெங்காயமும். முதல் நான்கைந்து தோசை ஒட்டும், ஊத்தப்பமாகவே ஊற்றுங்கள்.